வீட்டில் செய்யும் ரஷ்யப் பிரோஷ்கி ஏன் வாய் பிளந்துவிடுகிறது?

பிரோஷ்கி என்பது, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மாவுக்குள் முட்டைக்கோஸோ, இறைச்சியோ, வேகவைத்த முட்டையும் வெங்காயத்தாளுமோ வைத்து மூடி, ஓவனில் சுட்டோ எண்ணெயில் பொரித்தோ எடுக்கும், உள்ளங்கையில் அடங்கும் பன்.

அது பிளப்பதற்குப் பெரும்பாலும் பூரணத்தின் ஈரமும் சூடுமே காரணம். சூடான பூரணம் மாவை இளக்கி விளிம்பைத் தளர்த்துகிறது; வேகும்போது எழும் நீராவி, குக்கரின் விசில் வழியே ஆவி பீறிடுவதைப் போல, வலுவற்ற அந்த இடத்தில் வெளியேறுகிறது. ஆகவே முட்டைக்கோஸை வெண்ணெயில் நீர் வற்றும்வரை வதக்கி, முழுவதும் ஆறவிட்டு, விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்குப் படாமல் கிள்ளி மூடி, மூடிய பக்கம் அடியில் இருக்குமாறு தட்டில் அடுக்கி, 20 நிமிடம் உப்பவிட்ட பிறகு, முட்டை பூசி 180 டிகிரி செல்சியஸில் பொன்னிறமாகச் சுட வேண்டும். அந்த 20 நிமிடத்தை மட்டும் தயவுசெய்து குறைக்காதீர்கள்.

போலந்தின் பியெரோகியும் இதுவும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். பியெரோகியோ ஈஸ்ட் இல்லாத மாவில் செய்து கொதிநீரில் வேகவைக்கப்படுவது.