ஏழு மணிக்கு மேல் சிக்கன்: வாசகர் கேள்வி, அடுப்படி பதில்

கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைக்கவே ஏழு மணி ஆகிவிடுகிறது. சிக்கனை எடுத்து, வெட்டி, ஊறவைத்து, வேகவைத்துத் தட்டில் போடும்போது ஒன்பதரை. பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் சாப்பிடுகிறார்கள். வார நாட்களில் சிக்கனே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: எதற்கு விடவேண்டும்? உங்கள் நேரத்தைத் தின்பது அடுப்பு இல்லை. சின்னத் துண்டுகள் வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். மீதி நேரம் முழுக்க வெட்டுவதிலும், “கொஞ்சம் ஊறட்டும்” என்று காத்திருப்பதிலும் போகிறது. ஊறும் வேலை நீங்கள் வீட்டில் இல்லாதபோது நடக்கட்டும்.

வாங்கும்போதே எலும்பில்லாத தொடைக்கறியாகக் கேளுங்கள், துண்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். நெஞ்சுக்கறியைவிடத் தொடையில் கொழுப்பு அதிகம். ஐந்து நிமிடம் கூடுதலாக அடுப்பில் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டுமாக நிற்பவர்களுக்கு இது பெரிய விஷயம். காலையில் கிளம்பும் முன் அரைக் கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூன் தூள் உப்பு தடவி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். உப்பு முதலில் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அப்புறம் அந்த நீரிலேயே கரைந்து உள்ளே இறங்கும். அப்படி இறங்கிய கறி வேகும்போது சாற்றை அவ்வளவு சீக்கிரம் விடாது. மசாலாவை இராத்திரி முழுக்க ஊறவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் பெரும்பகுதி மேலோடு நின்றுவிடும், உள்ளே போவது உப்புதான்.

இரவு வந்ததும் கறியின் மேல் ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றியெடுங்கள். அகலமான வாணலி நன்றாகக் காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, துண்டுகளை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நான்கு நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். இதுதான் எல்லோருக்கும் கஷ்டமான இடம், கை சும்மா இருக்காது! அடிப்பக்கம் பழுப்பானதும் திருப்பிப் போட்டு இன்னும் மூன்று நிமிடம். பிறகு நசுக்கிய பூண்டு ஆறு பல், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு ஒரு டீஸ்பூன், அரை கப் தண்ணீர். வாணலியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி விடுங்கள், ருசி அங்கேதான் இருக்கிறது. மூடி ஐந்து நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. சோறு, ரொட்டி, நூடுல்ஸ் எதனோடும் போகும். என் மகள் பூண்டை மட்டும் பொறுக்கி என் தட்டில் வைத்துவிடுவாள், எனக்கு லாபம்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோலத்தான் செய்கிறேன். ஆனால் கறி சிவக்காமல் தண்ணீர் விட்டு வெளிறிப் போகிறது.

பதில்: வாணலி சின்னதாக இருக்கும், கறி அதிகமாக இருக்கும். நெருக்கிப் போட்டால் வெளியே வரும் நீர் ஆவியாக வழியில்லாமல் அங்கேயே கொதிக்கும். நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி நன்றாகச் சிவக்க ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். இரண்டு தவணையாகப் போடுங்கள்.

கேள்வி: என் கணவருக்குக் கொழுப்பு ஆகாது, நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்கிறார். சமைத்தால் மரத்தூள் மாதிரி இருக்கிறது. அதையும் அவரே குறை சொல்கிறார்.

பதில்: தோலை எடுத்துவிட்டால் தொடையும் பெரிய பாவம் இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள். நெஞ்சுக்கறி ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் இருக்கும். தடித்த பக்கம் வேகும்வரை காத்திருந்தால் மெல்லிய பக்கம் காய்ந்துபோகும். அதனால் கத்தியைப் படுக்கைவாட்டில் விட்டு இரண்டு தகடாகப் பிளந்துகொள்ளுங்கள். பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கறியின் நடுவே 74 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கிவிடலாம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் சாற்றைப் பிழிந்து வெளியேற்றும். இறக்கி ஐந்து நிமிடம் கழித்து வெட்டுங்கள். தொடைக்கறி மட்டும் 80 டிகிரியைத் தாண்டினால்தான் இன்னும் மிருதுவாகும்.

கேள்வி: காலையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்துவைக்க மறந்துவிடுகிறேன். வெந்நீரில் போடலாமா?

பதில்: கூடாது. உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்பக்கம் வெதுவெதுப்பாகி, கிருமி பெருக வசதியாகிவிடும். காற்றுப்புகாத கவரில் கட்டிப் பச்சைத்தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோ ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும், உடனே சமைத்துவிட வேண்டும். இனி ஃப்ரீசரில் வைக்கும்போதே கவரைத் தட்டையாக அழுத்தி, விரல் தடிமனுக்குப் பரப்பி வையுங்கள். உருண்டையாக வைப்பதால்தான் இந்த அவதி.

கேள்வி: சிக்கனை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்கிறார் அத்தை. கழுவவே கூடாது என்று படித்தேன். யார் சொல்வது சரி?

பதில்: என்னை வம்பில் மாட்டிவிடுகிறீர்கள். சரி, சொல்கிறேன். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். குழாயடியில் கழுவினால் அவை போகாது. தண்ணீரோடு தெறித்துச் சிங்க்கிலும் பக்கத்தில் இருக்கும் காய்கறியிலும் உட்காரும். அவற்றைக் கொல்வது சூடுதான். அத்தை விடமாட்டார் என்றால் குழாயைத் திறக்காமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிறகு சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவது இதைவிட மோசம்.

கேள்வி: எலும்பின் பக்கத்தில் இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று அர்த்தமா?

பதில்: எப்போதும் இல்லை. இளங்கோழியில் எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிந்து அப்படித் தெரியலாம். நிறத்தைப் பார்க்காதீர்கள், தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

கேள்வி: மிஞ்சிய சிக்கனை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டால் மூன்று, நான்கு நாள். பெரிய பாத்திரத்தோடு வைக்காமல், ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். நான் வேண்டுமென்றே கூடுதலாகச் சமைப்பேன். மறுநாள் அதை நார்நாராகப் பிய்த்து, வெங்காயத்தோடு சூடான வாணலியில் புரட்டி, முட்டை இரண்டு உடைத்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் இரவுச் சாப்பாடு. சூடாக்கும்போது ஆவி பறக்க வேண்டும், வெதுவெதுப்பு போதாது. எலும்பை எறியாதீர்கள். ஒரு கவரில் ஃப்ரீசரில் சேர்த்துவாருங்கள், ஞாயிற்றுக்கிழமை சூப் வைக்கலாம்.