மாக்ருக்கை ஃபோனில் பழகலாமா?

கேள்வி: பாங்காக் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மதிய இடைவேளையில் கூட வேலை செய்பவர்கள் மாக்ருக் (தாய்லாந்து செஸ்) ஆடுகிறார்கள். எனக்கு நம்ம செஸ் ஓரளவு தெரியும். அவர்களோடு உட்காருவதற்கு முன் ஃபோனில் பழகிக்கொள்ள ஆசை. லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் தேடினேன், இல்லை. வேறொரு ஆப்பை இறக்கி ஆடினேன். எதிரியிடம் ராஜா மட்டும் மிச்சம் இருந்த நேரத்தில் ஏதோ எண்ணிக்கை ஓடி, ஆட்டம் டிரா என்று முடிந்துவிட்டது. ஆப்பில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. அதுதான் மாக்ருக். செஸ் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடமும் அதுதான்.

முதலில் எங்கே ஆடுவது என்று சொல்லிவிடுகிறேன். பைசெஸ் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது. ஃபோன் பிரவுசரிலேயே ஓடும். விளம்பரத் தொல்லை கிடையாது. மாக்ருக்கோடு பர்மாவின் சிட்டுயின், ஜப்பானின் ஷோகி எல்லாம் அங்கே உண்டு. ஆள் கிடைக்காவிட்டால் ஃபேரி-ஸ்டாக்ஃபிஷ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமோடு ஆடலாம். அதன் பலத்தை நீங்களே குறைத்து வைத்துக்கொள்ளலாம். அடிமட்ட நிலையில் தொடங்குங்கள்.

காய்களின் படத்தை மாற்ற அமைப்புகளில் வழி உண்டு. செஸ் காய் போன்ற படங்களை வைத்தால் முதல் நாள் சுலபமாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம். நீங்கள் உட்காரப்போவது நிஜப் பலகைக்கு முன்னால். அங்கே ராஜாவான குன்னும், பிஷப் இடத்தில் நிற்கும் கோனும் ஒரே தூபி வடிவம்தான், உயரம் மட்டும் வேறு. ('கோன்' என்றதும் அரசன் என்று நம் காது எடுத்துக்கொள்ளும். இங்கே அரசன் குன்.) சின்னத் திரையில் இரண்டும் குழம்பும். குழம்பட்டும், ஃபோனிலேயே குழம்பித் தெளிந்துவிடுங்கள்.

குதிரையும் யானையும் நம் செஸ் போலவே நகரும். பெயர் மா, ருவா. ருவா என்றால் படகு. ராணி இடத்தில் நிற்கும் மெட் குறுக்கே ஒரே ஒரு கட்டம்தான் போகும். கோன் குறுக்கே நான்கு பக்கமும் ஒரு கட்டம், நேர் முன்னே ஒரு கட்டம். இந்த நடை நம் நாட்டில் இருந்ததுதான். இங்கே ஆடிய சதுரங்கத்தில் யானை (இன்று நாம் யானை என்னும் காய்போல இல்லாமல்) இப்படி நகர்ந்ததை 11-ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்பிரூனி எழுதி வைத்திருக்கிறார்: நான்கு கால், ஒரு தும்பிக்கை, ஆக ஐந்து கட்டம். சிப்பாயின் பெயர் பியா, அதாவது சோழி. பியா மூன்றாம் வரிசையில் நின்று தொடங்கும், இரண்டு கட்டம் தாவாது, ஆறாம் வரிசையைத் தொட்டதும் மெட் ஆகும். பலகையில் அதைச் சோழி போலப் புரட்டிப் போடுவார்கள். ராஜாவைக் கோட்டைக்குள் தள்ளும் நகர்வு கிடையாது. மூன்றாம் வரிசை முழுக்க உங்கள் பியாக்களே அடைத்திருப்பதால், ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டாம் வரிசையில் ஒரே ஒரு கட்டம்தான் திறந்திருக்கும்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். பலகையில் பியாவே இல்லாமல் போன பிறகு, பலம் குறைந்தவர் 64 வரை எண்ணலாம். அதற்குள் செக்மேட் ஆகாவிட்டால் டிரா. எதிரியிடம் குன் மட்டும் மிஞ்சினால் வரம்பு இன்னும் இறுகும். உங்களிடம் இரண்டு ருவா இருந்தால் 8, ஒன்று என்றால் 16. ருவா இல்லாமல் இரண்டு கோன் என்றால் 22, இரண்டு மா என்றால் 32, ஒற்றைக் கோனுக்கு 44, ஒற்றை மா அல்லது வெறும் மெட்களுக்கு 64. இதில் எது மிகக் குறைவோ அதுதான் செல்லும். குன் மட்டும் மிஞ்சிய இந்த நிலையில் எண்ணுவதும் ஒன்றிலிருந்து இல்லை. பலகையில் நிற்கும் காய்கள் அத்தனையும், இரண்டு குன்களையும் சேர்த்து, முதலிலேயே கழிந்துவிடும்.

உங்கள் ஆட்டத்தையே இப்படி வைத்துப் பாருங்கள். உங்களிடம் குன், ஒரு ருவா, ஒரு மெட்; எதிரியிடம் குன். வரம்பு 16, நிற்பது 4 காய், மிச்சம் 12 நகர்வு. இன்னொரு ருவாவும் இருந்தால்? வரம்பு 8, காய் 5, மூன்றே நகர்வு! காய் கூடக் கூட நேரம் குறைகிறது. அதனால்தான் செஸ்ஸில் செய்வதுபோல எதிரியின் கடைசிக் காயையும் ஆசையாக வெட்டிவிடக் கூடாது. அதை விட்டுவைத்து, குன்னை மூலைக்குத் தள்ளி, உங்கள் காய்களைச் சுற்றி நிறுத்திய பிறகு வெட்டுங்கள்.

இதற்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஆட்டம் ஜெயிக்கிற நிலைக்கு வந்ததும் திரையிலிருந்து கண்ணை எடுத்து, வரம்பு எவ்வளவு, காய் எத்தனை, மிச்சம் எத்தனை என்று நீங்களே மனக்கணக்குப் போடுங்கள். அப்புறம் ஃபோனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேன்டீன் மேசையில் எண்ணப் போவது எதிரே உட்கார்ந்திருப்பவர். அவர் தாய்லாந்து மொழியில்தான் எண்ணுவார். அதனால் ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை தாய்லாந்து மொழி எண்களையும் காதில் விழுந்ததும் புரிகிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். செக்குக்கு அங்கே 'ருக்' என்பார்கள்.