ஆற்றைப் பற்றிக் கேட்கும் மகளுக்கு என்ன படிப்பு?

வணக்கம் ஐயா.

பிளஸ் டூ படிக்கும் மகள் "என்விரான்மென்ட்தான் படிப்பேன்" என்கிறாள். நீங்களோ திருப்பூரில் துணிக்குச் சாயமேற்றும் பட்டறையில் டையிங் மாஸ்டர். "ஆத்தைக் கெடுத்ததே உங்க தொழில்தானப்பா" என்று அவள் சொன்னது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கிறது என்பது கடிதம் முழுக்கத் தெரிகிறது. அவளுடைய அக்கறையை அடக்கிவிடாதீர்கள். அதே நேரத்தில், அக்கறையை மட்டும் நம்பி ஏதாவது ஒரு டிகிரியில் சேர்த்துவிடவும் வேண்டாம். அவளுக்கு இப்போது வேண்டியது ஒரு கைத்தேர்ச்சி. அதைத் தொடங்கி வைக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் வேறு யாரும் இல்லை என்றே நினைக்கிறேன்.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் நடந்ததையே பாருங்கள். பாசனத்துக்காக 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கிவிட்டது. ஆறு கெட்டுப்போனது ஊருக்கே தெரியும், ஆனால் தெரிந்ததால் மட்டும் எதுவும் மாறவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரே வெளியே வராத (ஜீரோ டிஸ்சார்ஜ்) நிலைக்குச் சாயப்பட்டறைகள் வந்தாக வேண்டும் என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. அப்போது உங்களைப் போன்றவர்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்கை நடத்த வக்கீல்கள் வேண்டியிருந்தார்கள், தண்ணீரைச் சோதித்துச் சொல்ல வேதியியல் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தார்கள், பட்டறைகள் மறுபடி ஓட ஜீரோ டிஸ்சார்ஜ் பிளான்ட் போடும் இன்ஜினியர்கள் வேண்டியிருந்தார்கள். உங்கள் மகள் இவர்களில் யாராக ஆகப்போகிறாள் என்பதுதான் கேள்வி.

உப்பு விஷயத்தையே அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு போட்டாக வேண்டும். கழிவுநீரில் இருக்கும் மற்ற அழுக்கை நுண்ணுயிர்கள் ஓரளவு தின்றுவிடும், கரைந்த உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, அப்புறம் மிஞ்சியதைக் காய்ச்சும் எவாப்பரேட்டர். நல்ல தண்ணீர் பட்டறைக்குத் திரும்பும், மிஞ்சும் கரைசலைக் காய்ச்சி உப்பை மீட்க வேண்டும். அதற்கு ஆகும் எரிபொருளும் மின்சாரமும் கொஞ்சநஞ்சமல்ல. மீட்டுப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தீராத தலைவலி. உப்பைக் குறைத்துச் சாயமேற்ற முடியுமா? அந்தக் கலப்பு உப்பைப் பிரித்தெடுக்க முடியுமா? ஒரு நல்ல கெமிக்கல் இன்ஜினியருக்கு இதில் வாழ்நாள் முழுக்க வேலை இருக்கிறது. அப்பாவின் தொழிலை வெறுத்துவிட்டு இதைச் செய்ய முடியாது, தொழிலை உள்ளே புகுந்து தெரிந்துகொண்டால்தான் முடியும்.

பரீட்சை முடிந்ததும் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உங்கள் பகுதியில் சில கிணறு, போர்வெல் தண்ணீரை வாரம் ஒருமுறை அளந்து தேதி, இடம், மழை பெய்ததா என்று நோட்டில் எழுதட்டும். குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த மீட்டர் கரைந்திருப்பதன் மொத்த அளவைத்தான் காட்டும், உலோகம் இருக்கிறதா என்று சொல்லாது. சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். அந்த எண்களைக் கிராம சபையில் வைத்துப் பேசலாம். சுற்றுச்சூழல் போஸ்டர் போட்டியில் பரிசு வாங்குவதைவிட இந்த நோட்டு அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். மூன்று மாதம் அலுக்காமல் அளந்தாள் என்றால் இந்தத் துறை அவளுக்கு ஒத்துவரும். அலுத்துவிட்டாலும் தப்பில்லை, சட்டமோ சமூகப்பணியோ பொருந்துமா என்று யோசிக்கலாம்.

படிப்பு என்று வந்தால், இளநிலையிலேயே "சுற்றுச்சூழல்" என்ற பெயர் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். கெமிக்கல் அல்லது சிவில் படித்துவிட்டு, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் போகலாம். பி.எஸ்சி. வேதியியல் முடித்தால் பாரதியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இருக்கிறது. அடித்தளம் பலமாக இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வு எழுதலாம், சுத்திகரிப்பு நிலையத்தில் சேரலாம், ஏற்றுமதி நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் தண்ணீர், ரசாயனக் கணக்கைக் கேட்கின்றன, அந்த ஆடிட்டுக்கு ஆள் வேண்டும். தொண்டு நிறுவனத்துக்குப் போனால் ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கவுன்சலிங் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுமதி கேட்டு, உங்கள் பட்டறை சேர்ந்திருக்கும் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவளைக் கூட்டிப்போங்கள். ஆபரேட்டரிடம் கேள்விகளை அவளே கேட்கட்டும். அதற்கப்புறம் இருவரும் சேர்ந்து கல்லூரி விருப்பப் பட்டியலை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.