போர் நெருங்கும்போது அருங்காட்சியகத்தில் என்ன செய்வது? கேள்வி பதில்

கேள்வி: முதல் வேலை எது?
பதில்: பதிவேடு. ஒவ்வொரு பொருளையும் அளவுகோலோடு எல்லாப் பக்கமும் படமெடுங்கள். விரிசல், உடைந்த முனை, பழைய ஒட்டு எதையும் விடாதீர்கள். களவுபோனதை ஏலத்தில் அடையாளம் காட்டுவது அந்த வடுதான். ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: நகர்த்த முடியாத சிற்பங்களையும் தரை மொசைக்கையும் (சிறு கல் பதித்த ஓவியம்) எப்படிக் காப்பது?
பதில்: லெபனான் தலைநகர் பெய்ரூத்தைப் பாருங்கள். 1975-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் தேசிய அருங்காட்சியகம் இரு தரப்புக்கும் நடுவே சிக்கியது. பொறுப்பாளர் மொரிஸ் ஷெஹாப் கல் சவப்பெட்டிகளைச் சுற்றிக் கான்கிரீட் கூடு எழுப்பினார். சிறு பொருள்களை அடித்தளத்தில் வைத்துச் சுவர் கட்டி அடைத்தார். பெரியவை தப்பின. அடித்தளத்தில் நிலத்தடி நீர் ஏறியது, காற்றோட்டமும் இல்லை. குண்டுக்குத் தப்பிய பல பொருள்கள் ஈரத்தில் கெட்டன. எனவே ஈரமான அறையை அடைக்காதீர்கள். கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்டின் உப்பு கல்லில் இறங்கும்.
சிரியாவின் மஅர்ரா மொசைக் அருங்காட்சியகத்தில் நீரில் கரையும் பசையால் மொசைக் மேல் துணி ஒட்டி, மணல் மூட்டை அடுக்கினார்கள். 2015 ஜூனில் பீப்பாய்க் குண்டு விழுந்தும் மொசைக்குகளில் பெரும்பாலானவை பிழைத்தன.

கேள்வி: மரவேலைப் பசை போதுமா?
பதில்: வேண்டாம். காய்ந்தபின் கழற்ற முடியாது. எந்தப் பசையானாலும் முதலில் ஓரத்தில் ஒட்டிக் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: எபாக்சிப் பசை?
பதில்: மேலே சொன்னதுதான்.

கேள்வி: மறைத்த இடம் யாருக்குத் தெரியலாம்?
பதில்: மிகச் சிலருக்கு. காபூலில் பாக்திரியத் தங்கத்தை (ஆப்கானிஸ்தானில் தோண்டியெடுத்த பழங்கால நகைகள்) வங்கிப் பெட்டகத்தில் வைத்தவர்கள் 1996-2001 தலிபான் ஆட்சி முழுக்க வாய் திறக்கவில்லை. சிரியாவின் பால்மைரா தொல்லியலாளர் காலித் அல்-அசாத், மறைத்த இடத்தைச் சொல்ல மறுத்ததால் 2015 ஆகஸ்டில் ஐ.எஸ். குழுவால் கொல்லப்பட்டார் என்கிறார்கள். எடுத்த படக் கோப்புகளில் இருப்பிடத் தகவலை அழித்துவிடுங்கள்.

கேள்வி: போரில் பண்பாட்டுச் சொத்தைக் காப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின் நீலக் கேடயக் குறியைக் கட்டடத்தில் வரையலாமா?
பதில்: அரசின் உரிய அதிகாரி அனுமதித்தால் வரையலாம், 1954 உடன்படிக்கையில் பொதுவாகக் கட்டாயமில்லை. வருவது சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டிய ராணுவமானால் வரையுங்கள். இடிப்பதே நோக்கமான குழுவானால் குறியை அழித்துவிடுங்கள்.

கேள்வி: குரோவேசியாவின் டுப்ரோவ்னிக் பழைய நகரில் யுனெஸ்கோ கொடி பறந்தும் 1991 டிசம்பர் 6 அன்று குண்டு விழுந்ததே? குறி வெறும் இலக்குதானே!
பதில்: கொடி குண்டைத் தடுக்கவில்லை, உண்மை. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடம் என்று தெரியாது எனச் சொல்ல வழியில்லாமல் போனது. தாக்கிய யூகோஸ்லாவியப் படையின் தளபதி மியோத்ராக் யோகிச்சுக்கு 2004-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் 7 ஆண்டுச் சிறை விதித்தது.

கேள்வி: சிறைத் தண்டனை இடிந்ததைத் தருமா?
பதில்: தராது. அடுத்த தளபதி யோசிப்பான். அதற்காகவாவது நான் வரையச் சொல்வேன். உங்களுக்கு ஒப்பாவிட்டால் வரையாதீர்கள். மணல் மூட்டையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் சிரியாவின் பழங்கால நாணயம் இருக்கிறது. விலை?
பதில்: விலை சொல்ல மாட்டேன். எப்படி வந்தது என்பதற்குத் தாள் இல்லையென்றால் அது களவுபோனதாக இருக்கலாம், விற்காமல் காவல்துறையிடம் போங்கள்.