பிரசவத்தை நெனச்சாலே உதறுது சிஸ்டர்! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாசம், முதல் குழந்தை. ராத்திரி படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது. எங்க அக்காவுக்கு பிரசவத்துல கிழிஞ்சு தையல் போட்டு ரொம்ப அவஸ்தைப்பட்டாங்க, அதை கேட்டதுலேர்ந்து எனக்கும் அப்படி ஆயிடுமோ, வலி தாங்காம செத்துருவேனோன்னு ஒரே நெனப்பு. வீட்ல சொன்னா “ஊர் உலகத்துல யாரும் பெத்துக்காத புள்ளையா”ன்னு முடிச்சுடுறாங்க. பேசாம சிசேரியனே பண்ணிடுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டுடலாமான்னு இருக்கு. இப்படி நினைக்கிறது தப்பா சிஸ்டர்?

பதில்: தப்பே இல்லம்மா. மொதல்ல அந்த “யாரும் பெத்துக்காத புள்ளையா” பேச்சை காதுல வாங்காதீங்க. கெட்ட எண்ணத்துல சொல்றதில்லதான், ஆனா அதை கேட்ட பொண்ணு அப்புறம் வாயே திறக்க மாட்டா, எல்லாத்தையும் உள்ளயே வெச்சு புழுங்கிட்டு நேரா லேபர் ரூமுக்கு வந்து நிப்பா. பிரசவ பயம் அளவுக்கு மீறி போனா அதுக்கு டோக்கோஃபோபியான்னு மருத்துவத்துல பேரே இருக்கு, கவுன்சலிங்கும் இருக்கு. தூக்கம் போற அளவுக்கு இருக்குன்னா அடுத்த செக்கப்ல “எனக்கு பயமா இருக்கு, தூங்க முடியல”ன்னு டாக்டர்கிட்ட இதே வார்த்தையில சொல்லிடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து எதுக்கு பயம்னு தனித்தனியா எழுதுங்க. வலிக்கா, கிழியறதுக்கா, உயிருக்கா, இல்ல தெரியாதவங்க முன்னாடி துணி இல்லாம கிடக்கணுமேன்னா? மொத்தமா பயம்னு சொன்னா யாராலயும் பதில் சொல்ல முடியாது, பிரிச்சு சொன்னா ஒவ்வொண்ணுக்கும் ஏதாவது ஒரு வழி இருக்கு.

வலியை எடுத்துக்கோங்க. அது விடாம ஒரே மூச்சா வலிக்காதும்மா. கொஞ்சமா ஆரம்பிச்சு ஏறும், உச்சத்துக்கு போகும், அப்புறம் இறங்கும், ஒரு வலி பெரும்பாலும் ஒரு நிமிஷம் போல, அதுக்கப்புறம் இடைவெளி. அந்த இடைவெளியில கண்ணை மூடி குட்டித் தூக்கம் போட்ட பொண்ணுங்கள நான் நிறைய பாத்திருக்கேன். பயந்தவங்க என்ன பண்ணுவாங்கன்னா அடுத்த வலி எப்ப வரும்னு எதிர்பார்த்தே தோளை தூக்கி, பல்லை கடிச்சு, மூச்சை பிடிச்சு வெச்சிருப்பாங்க, ஓய்வெடுக்க வேண்டிய நேரம் அதுலயே போயிடும். அதனால இப்பவே தினமும் பழகுங்க, மூக்கால மூச்சை இழுத்து வாயால நீளமா விடணும், விடறப்போ தாடையும் தோளும் தளரணும். கர்ப்பப்பை வாய் 5 செமீ திறந்ததுக்கு அப்புறம்தான் வேகம் பிடிக்கும், அங்கேர்ந்து முழுசா திறக்கற 10 செமீ வரைக்கும் முதல் பிரசவத்துல பொதுவா 12 மணி நேரத்துக்கு மேல போகாது, முக்குற கட்டம் பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்.

இவ்வளவு தெரிஞ்சும் தாங்க முடியாதுன்னு தோணுச்சா, எபிடூரல் கேளுங்க. முதுகுல மெல்லிசான ட்யூப் வெச்சு மருந்து குடுப்பாங்க, வலி நல்லா குறையும், அழுத்தம் மட்டும் தெரியும். முக்குற கட்டம் கொஞ்சம் நீளலாம், பிரஷர் இறங்கலாம், சில பேருக்கு தலைவலி வரும். காலம் பூரா முதுகுவலி வரும்னு சொல்றது மட்டும் உண்மை இல்ல. உங்க ஆஸ்பத்திரியில ராத்திரியிலயும் மயக்க டாக்டர் இருப்பாங்களான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க, வலி வந்தப்புறம் விசாரிக்க முடியாது. வலி மருந்து கேட்டு வாங்குன அம்மாவும் அம்மாதான்.

கிழியறதை பத்தி மறைக்காம சொல்றேன், முதல் சுகப்பிரசவத்துல பெரும்பாலானவங்களுக்கு கொஞ்சமாவது கிழியும். ஆனா அதுல ரொம்ப பேருக்கு மேலோட்டமாத்தான் இருக்கும், தானா கரையற தையல் போடுவாங்க, 2லேர்ந்து 4 வாரத்துல ஓரளவு ஆறிடும். ஆசனவாய் தசை வரைக்கும் கிழியறது கொஞ்ச பேருக்குத்தான். 35 வாரம் ஆனதும் பிறப்புறுப்பு வாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்கற இடத்துல எண்ணெய் தொட்டு மசாஜ் பண்ணலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அது தையலை குறைக்குது. தலை வெளிய வர்ற நேரம் வெதுவெதுப்பான துணியை அங்க வெச்சு பிடிச்சா பெரிய கிழிசல் குறையும். அந்த நேரம் “முக்காதீங்க, ஊதுங்க”ன்னு நாங்க கத்துவோம், கோவப்படாதீங்க, தலை மெதுவா வரணும்ங்கறதுக்காகத்தான். குழந்தை வர்ற வழியை பெருசாக்க எல்லாருக்கும் கத்தரிக்கோல் வெச்சு வெட்டறது அவசியம் இல்லன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியாச்சு, உங்க டாக்டர் எப்படின்னு தைரியமா கேளுங்க.

உயிர் பயத்துக்கு வர்றேன். அதிக ரத்தப்போக்கைத்தான் நாங்களும் ரொம்ப கவனிப்போம். குழந்தை வெளிய வந்த கையோட அம்மாவுக்கு ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடறது, அப்புறம் வயித்தை அடிக்கடி அமுக்கி பாக்கறது எல்லாம் அதுக்குத்தான், கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகினா ரத்தம் நிக்கும். உங்க பக்கத்துலேர்ந்து செய்ய வேண்டியது, ரத்தசோகை இருந்தா இப்பவே சரி பண்ணிக்கறது, பிரஷர் செக்கப்பை தவறவிடாம இருக்கறது.

சிசேரியன் கேக்கலாம், உங்க உரிமை. ஆனா அதுல வலியே இருக்காதுன்னு நெனச்சு கேக்காதீங்க, அதுவும் வயித்துல பெரிய ஆபரேஷன், அடுத்தடுத்த பிரசவத்துல நஞ்சுக்கொடி ஒட்டுற இடத்துல சிக்கல் வர்ற வாய்ப்பு கூடும். இதெல்லாம் கேட்டு, கவுன்சலிங் போயும் பயம் அப்படியே இருந்தா, டாக்டரோட உக்காந்து பேசி முடிவு எடுங்க, அதுல அவமானம் ஒண்ணும் இல்ல.

கேள்வி: சுகப்பிரசவம் ஆகி அஞ்சு வாரம். இருமினாலும் தும்மினாலும் யூரின் கசியுது, வெளிய போகவே கூச்சமா இருக்கு. வயிறு இன்னும் மாசமா இருக்கற மாதிரியே இருக்கு. ஆறு வாரத்துல பழைய மாதிரி ஆயிடும்னு சொன்னாங்களே?

பதில்: அந்த ஆறு வார கணக்கு நிறைய பேரை அழ வெச்சிருக்கு. ஆறு வாரத்துல கர்ப்பப்பை சுருங்கி பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். பிரசவம் ஆனப்போ ஒரு கிலோ இருந்தது 100 கிராமுக்கும் கீழ வந்துடும், யோசிச்சு பாருங்க எவ்வளவு வேலை அது. தசையும் மனசும் தேற மாசக்கணக்காகும், சில பேருக்கு வருஷமே ஆகும்.

யூரின் கசியறது உங்களுக்கு மட்டும் இல்ல, குழந்தை பெத்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு இருக்கும், வெளிய சொல்றதில்ல அவ்வளவுதான். படுத்துக்கிட்டு, காத்து பிரியாம அடக்கறப்போ எந்த தசையை இறுக்குவீங்களோ அதையும், யூரினை நிறுத்தற தசையையும் சேர்த்து மேல இழுங்க. தொடையோ பின்பக்கமோ இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. சில செகண்ட் வெச்சிருந்து முழுசா விடுங்க, விடறதும் முக்கியம். ஒரு தடவைக்கு எட்டு, ஒரு நாளைக்கு மூணு தடவை, குறைஞ்சது மூணு மாசம். யூரின் போறப்போவே நிறுத்தி நிறுத்தி பழகாதீங்க. மூணு மாசத்துல குறையலன்னா பிசியோதெரபிஸ்ட் பாருங்க, “குழந்தை பெத்தா அப்படித்தான்”னு யாரு சொன்னாலும் ஏத்துக்காதீங்க. வயித்துக்கு, மாசமா இருந்தப்போ நடுவுல பிரிஞ்ச வயித்து தசை கூடற வரைக்கும் சிட்-அப்ஸ் வேண்டாம், படுக்கையிலேர்ந்து எழறப்போ ஒரு பக்கமா திரும்பி கை ஊன்றி எழுங்க.

இன்னொண்ணும் கேக்கறேன், நீங்க எழுதல. மனசு எப்படி இருக்கு? முதல் ரெண்டு வாரம் காரணமே இல்லாம அழுகை வர்றது ரொம்ப பேருக்கு இருக்கும், தானா போயிடும். அதுக்கு மேலயும் நீடிச்சா, குழந்தையை பாத்தாலும் ஒண்ணுமே தோணலன்னா, உங்களையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிக்கலாம்னு எண்ணம் வந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷனுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, பால் குடுக்கறப்போவும் எடுத்துக்கற மருந்துகள் இருக்கு.

கேள்வி: என் மனைவிக்கு அடுத்த மாசம் டேட். லேபர் ரூம்ல கூட நிக்கலாம்னு சொல்லிட்டாங்க. நான் என்ன செய்யணும்?

பதில்: கூட நம்பிக்கையான ஆள் ஒருத்தர் விடாம இருந்தா வலி நேரமும் சிசேரியனும் குறையுதுன்னு ஆராய்ச்சிகள்லயே தெரிஞ்சிருக்கு, அதனால நீங்க சும்மா நிக்கறதா நினைக்காதீங்க தம்பி. போனை உள்ள வைங்க. வலி வர்றப்போ இடுப்புக்கு பின்னாடி உள்ளங்கையால அழுத்தி பிடிங்க, பிடிக்கலன்னு சொன்னா கையை எடுத்துடுங்க. தண்ணி குடுங்க. திட்டுனா வாங்கிக்கோங்க. தையல் போடறப்போ எல்லாரும் குழந்தை பக்கம் ஓடிடுவாங்க, நீங்க அவங்க தலைமாட்டுல இருங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் உங்க வேலையே அதிகம். ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனையறது, பெரிய ரத்தக்கட்டி, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், நாத்தம் அடிக்கிற கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விடாத தலைவலியோட கண்ணு மங்கறது, வலிப்பு, இதுல எது வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு விடாம அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. பிரஷர் சிக்கல் பிரசவம் முடிஞ்சு பல நாள் கழிச்சும் வரும், முன்னாடி பிரஷர் இல்லாதவங்களுக்கும் வரும், அதனால அவங்க தலைவலின்னு சொன்னா தூக்கம் பத்தலன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க.