காண்ட்ரா: முப்பது உயிர் போன பிறகு

வணக்கம் சார்,

நீங்கள் நல்லபடியாக எழுதியதை நம்பி, பழைய துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்களின் தொகுப்பான காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் வாங்கினேன். சின்ன வயதில் டிவி கேமில் தம்பியும் நானும் விடிய விடிய ஆடிய ஆட்டம். இப்போது இரண்டாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. படமும் ஏதோ சப்பையாக இருக்கிறது. பழைய சரக்கையே பத்து என்று கணக்குக் காட்டி விற்கிறார்களோ?
— செ.

அன்புள்ள செ.,

கணக்கு விஷயத்தில் உங்கள் பக்கம்தான். 2019இல் கோனாமி என்ற ஜப்பானிய கேம் நிறுவனம் வெளியிட்ட இத்தொகுப்பில் பத்து ஆட்டம். ஆனால் முதல் காண்ட்ராவே மூன்று வடிவத்தில் வருகிறது. இரண்டு புரோபோடெக்டர்கள் வேறு. வன்முறை ஆட்டங்கள் மீது ஜெர்மனி காட்டிய கெடுபிடிக்குப் பயந்து ஐரோப்பாவுக்காக வீரர்களை ரோபோவாக்கிய பதிப்புகள் அவை. 2007இல் வந்த காண்ட்ரா 4 இல்லை.

ஆனால் அந்த மூன்று வடிவத்துக்காகத்தான் நான் பாராட்டினேன். 1987 ஆர்கேட் காண்ட்ரா, அதாவது கடையில் காசு போட்டு ஆடும் பெட்டிக்கான பதிப்பு, நெட்டுக்குத்தான திரைக்குச் செய்தது. உங்கள் டிவியில் இருபுறமும் கறுப்பு விட்டு நடுவில் ஒடுங்கி நிற்கும். அதை ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, நாம் ஆடிய வீட்டுப் பதிப்புக்கு, அதாவது அமெரிக்கப் பதிப்புக்கு வாருங்கள். எவ்வளவு சுருக்கென்று ஓடுகிறது! அப்புறம் ஃபேமிகாம் என்ற ஜப்பானிய வீட்டு கேம் பெட்டிக்கான பதிப்பைத் திறங்கள். முதல் காட்டில் தென்னை ஓலை அசையும். பனிக் கட்டத்தில் பனி கொட்டும். கட்டங்களுக்கு நடுவே வரைபடம் வரும். கோனாமி தன் சொந்தச் சிப்பை அந்தக் கேசட்டுக்குள் வைத்திருந்தது. அமெரிக்கப் பதிப்பில் அது இல்லாததால் இதெல்லாம் போயிற்று. நம்மூர் கேசட்டில் ஓலை அசைந்ததாக எனக்கு நினைவே இல்லை. இந்த வயதில் அதைப் பார்த்து வாய் பிளந்தேன்.

தொகுப்பை மதிப்பிடும்போது நான் பார்ப்பது இதைத்தான். ஆட்டத்துக்கு மார்க் போட்டு முப்பது வருஷம் ஆகிவிட்டது. பழசை எத்தனை கோணத்தில் காட்டுகிறார்கள், கைக்கு எப்படி வருகிறது என்பதுதான் இப்போது கேள்வி.

சப்பைப் படத்துக்குக் காரணம், நீங்கள் 16:9இல் இழுத்து வைத்திருப்பீர்கள். 4:3க்கு மாற்றுங்கள். டிவியில் கேம் மோடையும் போடுங்கள். பழைய குண்டு டிவியில் பட்டனை அமுக்கியதும் ஆள் குதிப்பான். இன்றைய டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் குண்டு பட்டுவிடும். உங்கள் சாவில் பாதி அதனால் இருக்கலாம்.

மீதிப் பாதிக்கு, வீட்டுப் பதிப்பின் தலைப்புத் திரையில் மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட் என்று அமுக்குங்கள்; முப்பது உயிர் கிடைக்கும். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். ஆன்லைனில் சேர்ந்து ஆட வழியில்லை. குண்டுகளை விசிறிபோல் பரப்பும் எஸ் துப்பாக்கி யாருக்கு என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.