பழைய மடிக்கணினியில் வைஃபை டிரைவர் ஏறாதது குறித்து

விண்டோஸ் 10 புதிதாக ஏற்றிய பிறகு வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கோப்பை எத்தனை முறை இயக்கினாலும் ‘சாதனம் காணப்படவில்லை’ என்றே வருகிறதென்றால், அந்தக் கோப்பை விட்டுவிட்டு, கார்டின் அடையாள எண்ணைப் பார்த்து அதற்குரிய டிரைவரைத் தேடுங்கள். ஒரே மாடலில் வெவ்வேறு நிறுவனங்களின் கார்டுகள் பொருத்தப்படுவதுண்டு. மாடல் பெயரை நம்பி இறக்கியது பொருந்தாமல் போயிருக்கலாம்.

விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுடன் நிற்கும் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ பண்புகளைத் திறந்து, ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘ஹார்ட்வேர் ஐடி’யைத் தேர்ந்தெடுங்கள். ‘வென்’ (VEN) என்பதை அடுத்து 8086 இருந்தால் கார்டு இன்டெல் நிறுவனத்தது, 14E4 இருந்தால் பிராட்காம் நிறுவனத்தது. (‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ கம்பி இணைப்புக்கானது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) டிரைவரை இறக்க, ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் செய்யலாம், அதாவது கைப்பேசியின் இணையத்தை மடிக்கணினிக்குத் தரலாம்.

பட்டியலில் அப்படி எதுவுமே இல்லையென்றால் கோளாறு டிரைவரில் இல்லை. பக்கவாட்டு வைஃபை சுவிட்சையும் பயாஸ் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) அமைப்பையும் பாருங்கள். கார்டே பழுதென்றால், சிங்கப்பூரின் மின்னணுப் பொருள் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் சிறிய யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகுவதே நல்லது.